ஐந்தாம் அத்தியாயத்தின் சாட்சிகள்

சென்ற மாதம் எங்கள் வரலாற்றுத் துறையிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் தொலைபேசியில் பேசினார். புதிய பாடத்திட்டத்தில் அமெரிக்க வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் வசதி இனி இல்லையாம். உலக வரலாறு என்ற பொதுப் பாடத்துக்குள் இரண்டு அலகுகளாக அது சுருங்குகிறதாம். "மிஸ், அந்தப் பாடம் எப்பிடித் தொடங்கினது எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் ஒரு கட்டுரை எழுதித் தந்தால் துறையின்ரை மலரிலை போடலாம்" என்றார்.

தெரியாததில் வியப்பில்லை. பாடத்தைத் தொடங்கியவர் இறந்துவிட்டார். படித்தவர்களில் பாதிப் பேர் இந்த நாட்டில் இல்லை. படிப்பித்தவள் நான் ஒருத்தி, ஓய்வூதியத்தோடு சாவகச்சேரியில் இருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். பாடத்தைக் கைவிடுவது சரியா பிழையா என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பாடம் இங்கே ஒருமுறை என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேராதனையில் படித்தேன். புலமைப்பரிசில் கிடைத்து, அமெரிக்காவின் வடகிழக்கில் பனி கொட்டும் ஒரு சிறு நகரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றேன். திரும்பி வந்து கொழும்பில் படிப்பிக்கத் தொடங்கி ஒரு தவணை முடிவதற்குள் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. அங்கிருந்து கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு றங்குப் பெட்டி. உள்ளே முழுவதும் புத்தகங்கள். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டு சீலையாவது எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

அந்த ஆண்டு கடைசியில் எங்கள் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைத் தலைவரைச் சந்தித்தேன். மாணவர்கள் அவரைப் பெரிய சேர் என்பார்கள். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. குரலை உயர்த்த மாட்டார். கதிரையைக் காட்டினார், ஆனால் நான் உட்காரும்வரை தானும் உட்காரவில்லை.

"அமெரிக்க வரலாற்றைச் சிறப்புப் பாடமாய் வைக்கலாம் எண்டு யோசிக்கிறன். நான் ஐரோப்பா படிச்சவன், அமெரிக்கா எனக்குத் தெரியாது. அதாலை உம்மைக் கேக்கிறன். யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு அது ஏன் வேணும்?"

வல்லரசு, குடியாட்சி, அரசியலமைப்பு என்று நான் ஏதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உது கொழும்பிலை சொல்லுற பதில், பிள்ளை. இஞ்சத்தையான் பதில் ஒண்டு கண்டுபிடிச்சுக்கொண்டு வாரும். பிறகு பாடத்தைத் தொடங்குவம்."

கோபத்தோடுதான் வெளியே வந்தேன். அடுத்த கிழமை சைக்கிளில் வட்டுக்கோட்டைக்குப் போனேன். அங்கே பழைய கல்லூரி வளாகத்தில், அமெரிக்க மிஷனரிமார் விட்டுச்சென்ற புத்தகங்களும் சஞ்சிகைகளும் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இருந்தன. தூசி தட்டித் திறந்தால், என் ஆசிரியர்கள் அந்தப் பனி நகரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டிய அதே வகைச் சஞ்சிகைகள். இங்கே அவை வயல் காற்றில் தாள் படபடக்கக் கிடந்தன. மேற்கே தங்கள் நாட்டின் பெரும்பகுதியைக் கண்ணால் காணாத காலத்திலேயே அந்த அமெரிக்கர்கள் இங்கே வந்து குடியிருந்திருக்கிறார்கள். நான் திரும்பிப் போய்ப் பெரிய சேரிடம் சொன்னேன்: "அமெரிக்க வரலாற்றிலை ஒரு துண்டு எங்கடை வளவுக்குள்ளை கிடக்குது, சேர்."

"ம்" என்றார். "இது பதில். தொடங்கும்."

நூல்கள் போதாது. நகரத்தின் பெரிய நூலகம் நான் வருமுன்பே எரிந்துபோயிருந்தது. என் றங்குப் பெட்டிப் புத்தகங்களை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சுருக்கி, றோனியோப் படியெடுப்பு இயந்திரத்தில் அடித்துக் கொடுத்தேன். தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் அடித்தோம். ஒரு பக்கத்தில் சோழர் நிர்வாகம் பற்றிய கேள்வி, மறுபக்கத்தில் விடுதலைப் பிரகடனம்.

எழுதிய ஒவ்வொன்றையும் பெரிய சேரிடம் காட்ட வேண்டும். அவர் திருத்தும் முறையை இன்றுள்ளவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கோடு போடும் அடிமட்டம் ஒன்றை வரியின் கீழ் வைத்து, வரிவரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். ஒரு சொல்லும் எழுத மாட்டார். ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால், இது எங்கிருந்து வந்தது? இரண்டு புள்ளி என்றால், இதை மறுத்துச் சொன்னவர் யார்? மூன்று புள்ளி அபூர்வம். இதை நீரே நம்புகிறீரா என்பது அதன் பொருள். அவர் வைத்த புள்ளிகளை அழிக்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. விளக்கம் கொடுத்துத் திருப்திப்படுத்தினால், இறப்பர் எடுத்துத் தானே அழிப்பார். பேராசிரியர்களுடைய கட்டுரையானாலும் முதலாம் வருடப் பிள்ளையின் ஒப்படையானாலும் அதே புள்ளிதான்.

இன்னொன்று. விரிவுரையாளர்களை நீர் என்பார், பெண்களானால் பிள்ளை என்றும் சொல்வார். மாணவர்களை மட்டும், பதினெட்டு வயதுப் பொடியனாக இருந்தாலும், நீங்கள் என்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அவை வீட்டிலை என்ன கேட்டுப் பழகிக்கொண்டு வந்தவை எண்டு எனக்குத் தெரியாது. இஞ்சை எல்லாருக்கும் ஒண்டு" என்றார்.

எண்பத்தெட்டில் என் சிறப்புப் பாட வகுப்பில் ஐந்து பேர். நால்வர் இளைஞர்கள். ஐந்தாமவர் இராசமலர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்து ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே உயர்தரப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறி, சம்பளமில்லாத லீவில் வந்திருந்தார். பருத்திச் சேலை, இறுக்கிப் பின்னிய கொண்டை. அவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை. நான் அவரை ரீச்சர் என்றேன். அவர் என்னை மிஸ் என்றார். கடைசிவரை அப்படியே இருந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய வகுப்பு. தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்து போவதாக அறிவித்த கட்டத்துக்கு வந்தேன். நால்வர் முகத்திலும் ஒரு வெளிச்சம். அவர்கள் வளர்ந்த காலம் அப்படி. ஒருவன் எழுந்தான்.

"மிஸ், ஒரு சனம் தனிய வாழ விரும்பினால் பிரிஞ்சு போறதுக்கு உரிமை இருக்குத்தானே? அதைப் படையாலை அடிச்சு நிப்பாட்டினது அநியாயமில்லையோ?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெளியே வீதியில் இராணுவ வண்டி போகிற சத்தம். நான் என்ன சொல்லலாம் என்று எண்ணிக்கொண்டிருக்கையில் கடைசி வரிசை வாங்குப் பலகையிலிருந்து இராசமலர் கேட்டார், மெதுவாக:

"பிரிஞ்சு போன நாட்டிலை, மிஸ், அந்த அடிமையள் எங்கை இருப்பினம்?"

 பிரிந்த மாநிலங்கள் சில, தாங்கள் பிரிவதற்கான காரணமாக அடிமைமுறையையே வெளிப்படையாக எழுதிவைத்தன என்பதை அப்போதுதான் சொன்னேன். கேள்வி கேட்ட பையன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். பிறகு, "அப்ப எதுக்காகப் பிரியினம் எண்டதைத்தான் முதல் கேக்கவேணும்" என்றான்.

பெரிய சேர் அன்று வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறார். வகுப்பு முடிந்து வந்தபோது, "நல்ல வகுப்பு" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "இனிமேல் கதவைச் சாத்திப்போட்டுப் படிப்பியும், பிள்ளை."

தொண்ணூறில் மறுபடி போர் தொடங்கியது. மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெய் மருந்துபோல ஆயிற்று. அந்த வருடத்தின் பிற்பகுதியில் இராசமலர் தம் ஆய்வேட்டைத் தொடங்கினார். சிறப்புப் பாடம் எடுத்தவர்கள் இறுதி வருடத்தில் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அவர் எடுத்த பொருள், அடிமைமுறை ஒழிந்தபின் அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் நடத்திய பள்ளிக்கூடங்கள். நானே மேற்பார்வையாளர். குண்டுவீச்சு இல்லாத காலை வேளைகளில் நாங்கள் இருவரும் சைக்கிளில் வட்டுக்கோட்டைக்குப் போவோம். அந்தப் பழைய சஞ்சிகைகளில், விடுதலையான மக்களுக்குப் படிப்பிக்கப் போன வடமாநில ஆசிரியைகளைப் பற்றிய செய்திகள் இருந்தன. இராசமலர் ஓர் ஆசிரியையின் கண்ணால் அவற்றை வாசித்தார். கிழவர்களும் குழந்தைகளும் ஒரே வகுப்பில் இருந்து எழுத்துக்கூட்டிய இடத்தைப் படித்துவிட்டு, "ஒரு பலகைக்கு எத்தினை பேர் இருந்திருப்பினம், மிஸ்?" என்று கேட்பார்.

நான்கு அத்தியாயங்கள் எழுதினார். படிக்கத் தடை இருந்த காலம், விடுதலைக்குப் பின்னான பள்ளிகள், அவற்றை எரித்தவர்கள், பிறகு சட்டமே வந்து வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று பிரித்த கதை. எல்லாம் ஒழுங்கு. பெரிய சேரின் புள்ளிகள் மிகக் குறைவு.

ஐந்தாம் அத்தியாயத்தை எனக்கு முன்கூட்டிச் சொல்லாமலே எழுதிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சாதி. ஒப்பீடு என்று தலைப்பு. எழுத்து திடீரென்று இறுகிப்போயிருந்தது. "சில பாடசாலைகளில் சில பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். கிணற்றைத் தொட அவர்களுக்கு அனுமதி வழங்கப்படவில்லை."

பெரிய சேரின் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். அடிமட்டம் அந்த வரியில் நின்றது. ஒரு புள்ளி.

"எங்கையிருந்து?" என்றார்.

"எனக்குத் தெரியும், சேர்."

"எப்பிடித் தெரியும்?"

இராசமலர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நான் இருந்தனான், சேர். நிலத்திலை."

பெரிய சேர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்கள் ஆய்வாளர் மட்டும் இல்லை. சாட்சியும்தான். ஒருத்தர் தன்னைத்தானே சாட்சியாய் விசாரிக்கேலாது. நாளைக்குக் காலமை வாங்கோ. நான் விசாரிக்கிறன். மிஸ் எழுதுவா. எழுதினதை நீங்கள் வாசிச்சுப் பார்த்து ஒப்பம் வைச்சாப் பிறகு, அதை மூலமாய்க் காட்டலாம்."

மறுநாள் காலையில் அந்த விசாரணை நடந்தது. என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் பார்த்த மிகச் சிறந்த பாடமும் அதுதான், மிகக் கொடியதும் அதுதான். அவர் இரக்கம் காட்டவில்லை. ஒரு கேள்வியையும் இரண்டு தரம் கேட்கவுமில்லை.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

பண்டத்தரிப்புப் பக்கத்தில், இன்று இல்லாத ஒரு சிறு பள்ளிக்கூடத்தைச் சொன்னார். பெரிய சேரின் பென்சில் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை.

"வாங்கு இருந்ததோ?"

"இருந்தது, சேர். இடமும் இருந்தது. எங்களுக்கு நிலம். மாரியிலை சாணி மெழுகின நிலம் காயாது. பாவாடை நனைஞ்சுபோம்."

"தண்ணி?"

"கிணத்தடியிலை தள்ளி நிப்பம். பெரிய வகுப்புப் பெடியன் ஒருத்தன் வாளியாலை வார்ப்பான். ரெண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடிக்கவேணும். விளையாட்டுக்கு உயரத் தூக்கி வார்ப்பான். அப்ப மூக்குக்குள்ளை போம்."

"அப்பிடி இருக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"தலைமை வாத்தியார்."

"பெயர்?"

இராசமலர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. "பெயர் வேண்டாம், சேர்" என்றார்.

"மூண்டாம் அத்தியாயத்திலை பள்ளிக்கூடத்தை எரிச்சவையின்ரை பெயரை எழுதியிருக்கிறியள்."

"அது மூலத்திலை இருந்தது, சேர்."

"இஞ்சை மூலம் நீங்கள். சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆய்வேட்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த என் கை பாதியில் நின்றது. பெரிய சேரின் பெயருக்கு முன்னால் வரும் தகப்பன் பெயர் அது.

"அவர் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம், சேர். உங்கடை ஐயா."

"இந்தத் துறையிலை சேர முதலே தெரியுமோ?"

"ஓம், சேர்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் வந்தியள்?"

"அமெரிக்க வரலாறு இஞ்சை மட்டும்தானே, சேர், இருக்கு."

யன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்தது. பெரிய சேர் என் பக்கம் திரும்பினார்.

"எழுதும், பிள்ளை. இதைக் கண்ட வேறை ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டது எண்டு எழுதும்." இராசமலர் வாய் திறக்குமுன் கையை உயர்த்தித் தடுத்தார். "இரண்டாவது சாட்சி நான். லீவிலை வீட்டை வரேக்கை ஐயாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுப்பன். அந்தப் பிள்ளையள் நிலத்திலை இருந்ததைக் கண்டனான். தண்ணி வார்க்கிறதையும் கண்டனான். எந்த வருசங்கள் எண்டு சொல்லுறன், எழுதும்."

சொன்னார். எழுதினேன். எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். வாளியை உயரத் தூக்கி வார்த்ததை நான் விட்டுவிட்டேன் என்று பெரிய சேர்தான் கவனித்து, சேர்க்கச் சொன்னார். இருவரும் ஒப்பம் வைத்தார்கள். இறப்பரை எடுத்து அந்த ஒற்றைப் புள்ளியை அழித்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து போகும்போது சொன்னார்: "இனி இந்த ஆய்வேட்டுக்கு நான் பரீட்சகராய் இருக்கேலாது. மூலமாய் இருக்கிறவன் புள்ளி போடக்கூடாது."

அவர் விலகினால் முதற் பரீட்சகர் யாரென்று எங்களுக்குத் தெரியும். துறையில் அவருக்கு அடுத்தவர் நடராசா சேர். ஐந்தாம் அத்தியாயம் பற்றிய கதை அவர் காதுக்கு ஏற்கனவே போயிருந்தது. நான் பெரிய சேரோடு சண்டை பிடித்தேன் என்றே சொல்லலாம். "உங்கடை நேர்மைக்கு அந்த மனிசியோ விலை குடுக்கிறது?" என்று கேட்டேன். இராசமலருக்கு லீவு முடிகிற தறுவாய். ஆய்வேடு தவறினால் சிறப்புப் பட்டம் இல்லை. இத்தனை வருடமும் வீணாகப் போயிருக்கும். பெரிய சேர் பரீட்சைப் பகுதிக்கு விலகல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நடராசா சேரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். துறைக் கூட்டத்தில் அவர் சொன்னதை மறக்க முடியாது.

"என்ரை மகனைத் தாட்ட இடத்துக்குப் பக்கத்திலை ஆரின்ரை பிள்ளை கிடக்கிறான் எண்டு நான் கேக்கேல்லை. என்ன சாதி எண்டு கேக்கேல்லை. எல்லாப் பிள்ளையளும் ஒரே நிலத்திலை கிடக்குதுகள். இந்த நேரத்திலை உதைக் கிளறவேணுமோ? அமெரிக்காவைப் பற்றி எழுத வந்தவ அமெரிக்காவைப் பற்றி எழுதட்டும்."

  அவர் மகன் போரில் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பிரச்சினையில்லாமல் தேறலாம் என்று இராசமலருக்குச் சொல்லியனுப்பினார்கள். சொல்லப் போனவள் நான். அவர் வீட்டு முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "பெரிய சேர் ஒப்பம் வைச்சிட்டார், மிஸ். நான் எடுத்தால் அவரின்ரை சாட்சியையும் எல்லோ எடுக்கவேணும்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாம் பரீட்சகராகத் தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நியமிக்கப்பட்டார். ஆய்வேடு பொலித்தீனில் சுற்றப்பட்டு, அப்போது தெற்குக்குப் போகும் வழியாயிருந்த கிளாலிக் கடல் தாண்டிப் போகும் சக விரிவுரையாளர் ஒருவரின் பையில் போயிற்று. மாதக்கணக்கில் பதிலில்லை. இராசமலர் பாடசாலைக்குத் திரும்பிப் போய்விட்டார். பதில் வந்தபோது அந்தப் பேராசிரியர், தன்னால் வர முடியாதென்றும், வாய்மொழிப் பரீட்சைக்கான தன் கேள்வியை மூடிய உறையில் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்.

பரீட்சையன்று பீடாதிபதி தலைமை. நடராசா சேர் ஒரு பக்கம். மேற்பார்வையாளர் என்ற முறையில் நான் இருக்கலாம், பேசக்கூடாது. பெரிய சேர் தன் அறையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார். பீடாதிபதி உறையைக் கிழித்து வாசித்தார். ஒரே ஒரு கேள்வி. சிறுவயதில் கண்டதை, பிற்காலத்தில் அமெரிக்காவைப் பற்றிப் படித்த அறிவு மாற்றி எழுதிவிடவில்லை என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள்?

 இரண்டு புள்ளிக் கேள்வி அது. நியாயமான கேள்வியும்கூட.

இராசமலர் அவசரப்படவில்லை. "மாத்தித்தான் இருக்கு, சேர்" என்று தொடங்கினார். "சின்னனிலை நான் அதை அநியாயம் எண்டு நினைக்கேல்லை. உலகம் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். அமெரிக்காவைப் படிச்சாப் பிறகுதான் அதுக்கு ஒரு பெயர் இருக்கெண்டு தெரிஞ்சுது. பெயர் புத்தகத்தாலை வந்தது. பாவாடை நனைஞ்சது புத்தகத்தாலை வரேல்லை."

பீடாதிபதி குறித்துக்கொண்டார். நடராசா சேர் ஆய்வேட்டைப் புரட்டினார். "இந்தக் கடைசி அத்தியாயத்திலை அமெரிக்கா எங்கை இருக்கு?"

"முதல் நாலு அத்தியாயத்திலை சட்டம் மாறினாப் பிறகும் பள்ளிக்கூடத்துக்குள்ளை என்ன மாறேல்லை எண்டு பார்த்தன், சேர். அப்பிடிப் பார்க்கப் பழகின கண்ணாலை என்ரை பள்ளிக்கூடத்தைப் பார்க்கக்கூடாதெண்டால், இந்தப் பாடத்தை எங்களுக்கு ஏன் படிப்பிச்சனியள்?"

நடராசா சேர் ஆய்வேட்டை மூடினார். வேறொரு குரலில் கேட்டார்: "இப்ப நீர் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலை எப்பிடி?"

"வாங்கு பத்தாது, சேர். இடம்பெயர்ந்து வந்த பிள்ளையளும் இருக்கினம். எல்லாரும் நிலத்திலைதான். நானும் நிலத்திலை இருந்துதான் படிப்பிக்கிறன்."

நடராசா சேர் பேனையை எடுத்து மதிப்பெண் தாளை நிரப்பினார். அவர் போட்டது தேறப் போதுமானது, அதற்கு மேல் அதிகமில்லை. தெற்கிலிருந்து வந்தது அதைவிட உயர்வு. இரண்டையும் சேர்த்து இராசமலருக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு கிடைத்தது. ஐந்தாம் அத்தியாயம் ஓர் எழுத்தும் மாறாமல் துறை நூலகத்தில் வைக்கப்பட்டது.

அடுத்த வருடம் பெரிய சேர் ஓய்வுபெற்றார். பிரியாவிடைக் கூட்டம் வேண்டாமென்றார். அறையைக் காலிசெய்த நாளில் உதவிக்குப் போனேன். நான் முன்பு கோபித்துப் பேசியதைப் பற்றி அவராகவே ஒரு வார்த்தை சொன்னார்: "நான் பரீட்சகராய் இருந்திருந்தால் அவ பாஸ் பண்ணினது என்ரை தயவாலை எண்டு கதைச்சிருப்பினம். இப்ப ஒருத்தரும் அப்பிடிக் கதைக்கேலாது."  வீட்டில் என்ன நடந்தது என்று மூச்சும் விடவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாண நகரம் உட்பட வலிகாமத்துச் சனம் முழுதும் ஒரே இரவில் கிளம்பி, சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்கு நடந்தது. அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். சாவகச்சேரியில் எங்கள் வீட்டில் விறாந்தை, ஓலை வேய்ந்த மால், மாட்டுக்கொட்டில் எல்லாம் சனம். மழையில் நனைந்து, மனைவியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய சேர் வந்து சேர்ந்தார். முன்னறையை அவர்களுக்கு ஒதுக்கினோம். வந்த நாளிலிருந்தே காய்ச்சல். நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரியில் மருந்துக்குத் தட்டுப்பாடு. மார்கழி பிறக்குமுன் இறந்துபோனார்.

மகன் கனடாவில். தகவல் சொல்லவும் வழியில்லை. அவருடைய தம்பிமார் இருவரும் இடம்பெயர்ந்து, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில்தான் இருந்தார்கள். ஆள் அனுப்பினோம். வரவில்லை. நடராசா சேர் வந்தார். எங்கேயோ அலைந்து சவப்பெட்டிக்குப் பலகை பிடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். தம்பிமார் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது, பெரிய சேரின் மனைவி, நாங்கள் எல்லோரும் அம்மா என்று அழைப்பவர், தலையை உயர்த்தாமலே சொன்னார்:

"ஐயாவின்ரை பெயரைப் புத்தகத்திலை எழுதக் குடுத்தாப் பிறகு அவை எங்கடை படி மிதிக்கேல்லை. அவரும் கூப்பிடேல்லை. எனக்கும் ஏன் எண்டு ஒழுங்காய்ச் சொல்லேல்லை. 'கண்டதைச் சொன்னனான்' எண்டு மட்டும் சொன்னார்."

நடராசா சேர் முற்றத்துக்கு இறங்கிப்போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கொள்ளி வைக்க என் தம்பி போனான். ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போனபின்தான் இராசமலர் வந்தார். கொடிகாமத்துப் பக்கம் ஓர் அகதி முகாமில் இருந்தவருக்குப் பிந்தித்தான் செய்தி கிடைத்திருக்கிறது. சேலைக் கரை முழுவதும் சேறு. வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அங்கேயிருந்த பெண்களில் பலர் பெரிய சேரின் ஊர்க்காரர். அவர்களுக்கு இவர் இன்னாரென்று தெரியும். பேச்சு நின்றது.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஆர் பிள்ளை அது?"

"இராசமலர், அம்மா. சேரிட்டைப் படிச்சனான்."

"நீரோ அந்தப் புத்தகம் எழுதினது?"

"ஓம், அம்மா."

 அம்மா தன் பக்கத்தில் விரித்திருந்த பாயைக் கையால் தடவினார். "உள்ளுக்கு வாரும். இதிலை இரும்."

இராசமலர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்களுக்கு நடுவே நடந்து வந்து அந்தப் பாயில் உட்கார்ந்தார். அழுதார். அம்மா அழவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் புத்தகத்தை எனக்கு ஒருக்கால் வாசிக்கத் தருவீரோ? அவர் எனக்குக் காட்டேல்லை."

"என்னட்டை இருந்தது வீட்டோடை விட்டிட்டு வந்தாச்சு, அம்மா. கம்பஸ் லைபிறரியிலை ஒண்டு இருக்கு. இனி அது இருக்குதோ இல்லையோ தெரியாது."

"அப்ப சொல்லும். நீர் எழுதினதுதானே. என்ன எழுதினனீர் எண்டு சொல்லும். நான் கேக்கிறன்."

இராசமலர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலக் குரலைச் சரிசெய்தார்.

"அமெரிக்காவிலை, அம்மா, அடிமையாயிருந்த சனத்தை விட்ட உடனை அவை முதல் முதல் என்ன கேட்டவை தெரியுமோ?"

"தெரியாது. என்ன கேட்டவை?"

"பள்ளிக்கூடம், அம்மா."

பேச்சை நிறுத்தியிருந்த பெண்களில் ஒருத்தி மெல்ல நகர்ந்து கிட்ட வந்தாள். சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வர இன்னும் நேரம் இருந்தது. இராசமலர் சொல்லிக்கொண்டு போனார்.